ஊழியம் மாணவர் கையில் இருக்கட்டும்

(கல்லூரி மாணவர் ஊழியத்தில் ஈடுபட்டிருப்போருக்காக கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர் மத்தியில் ஊழியம் நடத்துவதைப் பற்றி, நடைமுறைக்கு உதவும்படி பேசச் சொன்னீர்கள். அப்படியே பேசுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கல்லூரிக்குள் நடக்கிற ஊழியம் மாணவர்களுடையது; அதை அவர்கள்தான் நடத்த வேண்டும். போதகரோ, முழுநேர ஊழியரோ, பட்டதாரி அண்ணனோ அக்காவோ பக்கத்தில் நிற்கலாம், பின்னால் நின்று தாங்கலாம். மாணவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டம்தான். தர்மபுரி 1965இல் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமானது. நான் சொல்ல வந்தவர் கே. டி. பால். 1876இல் சேலத்தில் பிறந்தார், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அவர் பத்தொன்பது வயது இளைஞராக இருந்த 1895இல்தான் தியோடர் நேதர் என்ற மிஷனரி கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையார் இந்தியாவில் முதலில் வேலை தொடங்கிய இடம் நம் கிருஷ்ணகிரி. ஒன்பது ஆண்டுகள் உழைத்து, 1904இல் பிளேக் நோயில் நேதர் இறந்தார். அந்தத் தியாகத்தை நாம் மறக்கக் கூடாது. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்கிற ஊழியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்தக் காலத்து இளைஞர்களே உணர்ந்தார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்துச் செராம்பூரில் கூடி, தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியர் ஆட்கள், இந்தியர் பணம், இந்தியர் தலைமை என்பது அதன் அடிப்படை. அதை முன்னின்று நடத்தியவர்களில் வி. எஸ். அசரியாவுக்கு முப்பத்தொரு வயது, பாலுக்கு இருபத்தொன்பது. இன்று நாம் 'பையன்கள்' என்று சொல்லிக் கூட்டத்தில் நாற்காலி போட அனுப்புகிறோமே, கிட்டத்தட்ட அந்த வயது.

மாணவர் இயக்கங்களும் இதே வழியில்தான் வந்தன. இந்திய கிறிஸ்தவ மாணவர் இயக்கம் 1912இல் உருவானது. யூ.ஈ.எஸ்.ஐ. என்று நாம் சுருக்கமாகச் சொல்கிற யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் இந்தியா 1954இல் உருவானது. அதன் தொடக்க காலத் தலைவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எச். ஈனோக். முழுநாளும் பாடம் நடத்திய மனிதர் அவர். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே மாணவர்களுக்குத் துணை நின்றார். கல்லூரிக்குள் மாணவர் நடத்தும் ஈ.யூ. (இவாஞ்சலிக்கல் யூனியன்), வெளியே நின்று தாங்கும் பட்டதாரிகளின் ஈ.ஜி.எஃப். (இவாஞ்சலிக்கல் கிராஜுவேட்ஸ் ஃபெலோஷிப்) என்ற அமைப்பு அப்படித்தான் நிலைத்தது. மாணவர் முன்முயற்சி, பட்டதாரி ஆதரவு. அந்த வரிசை தலைகீழானால் ஊழியம் ஓர் ஆளின் ஊழியமாகி, அவருக்கு மாற்றலாகும் நாளில் முடிந்துபோகும்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

முதலில் நேரம். சென்னையிலும் வேலூரிலும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மாணவர்கள் இரவு எட்டு மணிக்குக் கூடி ஒன்பதரை வரை பாடி ஜெபிக்கலாம். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நிற்காது. நம் பிள்ளைகள் நாகரசம்பட்டியிலிருந்தும், பாரூரிலிருந்தும், போச்சம்பள்ளிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் தர்மபுரிக்கும் போகிறவர்கள். மாலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் வந்த பிறகு நிறையப் பேர் தூரத்துக் கல்லூரிகளுக்கும் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பஸ்ஸின் நேரம்தான் அவர்கள் நாளைத் தீர்மானிக்கிறது. ஆகவே மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸோடு முப்பது நிமிஷம் கூடுங்கள். முப்பது என்று சொன்னால் முப்பதில் முடியுங்கள். சனிக்கிழமை மாதம் ஒருமுறை நீண்ட நேரம் கூடலாம், அதையும் பகலில் வையுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரி எல்லா மதத்தாருக்கும் உரியது. வளாகத்துக்குள் கூட்டமாகக் கூட வேண்டுமென்றால் முதல்வரிடம் அனுமதி கேளுங்கள். கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் மனம் கசக்காமல் வெளியே ஒரு வீட்டிலோ சபை மண்டபத்திலோ கூடுங்கள். மரத்தடியில் நான்கு சிநேகிதர் சேர்ந்து சாப்பிட்டு ஜெபிப்பதை யாரும் தடுப்பதில்லை.

இப்போது வேதபாடம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மாணவர் ஊழியம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மதிய வேளையில் நடந்த வேதபாடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஏழு பேர். நடத்தியது கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம், திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிற பகுதி. வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பிள்ளை தமிழில் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. வாசித்து முடித்ததும் அந்த இரண்டாம் ஆண்டுப் பெண் விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. "இதுல உங்க கண்ணுல முதல்ல என்ன பட்டுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்த அமைதி எனக்கே நீளமாகத் தெரிந்தது. கடைசியில், அதுவரை எந்தச் சபைக்கும் போயிராத முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "கூரையப் பிரிச்சிட்டாங்களே, அந்த வீட்டுக்காரங்களுக்கு யாருக்கா வேஞ்சு குடுத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் வீடு ஓட்டுவீடு, மழைக்காலத்தில் ஓடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தனைச் சுகமாக்க இன்னொருத்தர் வீட்டைப் பிரிப்பது நியாயமா என்று பேச்சு போயிற்று. அந்த நாலு பேரே திரும்ப வேய்ந்து கொடுத்திருப்பார்கள் என்றாள் ஒருத்தி. வீட்டுக்காரர் கோபப்பட்டதாக எழுதியில்லையே என்றாள் இன்னொருத்தி. சிநேகிதனுக்காக நாம் எதைப் பிரிப்போம், எவ்வளவு தூரம் சுமப்போம் என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். ஒரு பிரசங்கியார் அங்கே நின்று முப்பது நிமிஷம் பேசியிருந்தால் அந்த முதலாம் ஆண்டுப் பெண் வாயைத் திறந்திருக்க மாட்டாள். திறந்திருக்கா­விட்டால் அடுத்த வாரம் வந்திருக்கவும் மாட்டாள். அடுத்த வாரமும் வந்தாள்.

ஆகவே மாணவத் தலைவர்களே, பிரசங்கம் பண்ணப் பழகுவதற்கு முன்னால் கேள்வி கேட்கப் பழகுங்கள். மூன்று கேள்வி போதும். இங்கே என்ன நடக்கிறது? இதற்கு என்ன பொருள்? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? முந்தின நாள் இரவு பகுதியை நான்கு முறை வாசியுங்கள். ஒரு சுவிசேஷத்தை எடுத்தால் முடிக்கும்வரை விடாதீர்கள். வாரம் ஒரு தலைப்பு என்று தாவாதீர்கள். எல்லைப் பகுதியில் இருக்கிறோம், தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழி வேதாகமத்தைப் போனில் வைத்து வாசிக்கட்டும், ஜெபமும் அந்த மொழியிலேயே செய்யட்டும். கர்த்தருக்கு எல்லா மொழியும் தெரியும்.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்படிப்பட்ட வேதபாடத்தில் ஒரு பிள்ளை தவறான விளக்கம் சொன்னால் நமக்கு நாக்கு துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் வசனமே திருத்திவிடும். உபதேசத்தையே புரட்டுகிற தவறு என்றால் மட்டும் பிறகு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊரில் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஒட்டு பிடித்த பிறகு கட்டை அவிழ்க்காவிட்டால், தாங்குவதற்காகக் கட்டிய கட்டே தண்டை நெரித்துவிடும். நன்மைக்காகத்தான் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் விட வேண்டிய காலம் ஒன்று உண்டு.

தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? நன்றாகப் பாடுகிறவன், கிட்டார் வாசிக்கிறவன், மைக்கில் கூச்சமில்லாமல் ஜெபிக்கிறவள் இவர்கள்மேல்தான் நம் கண் முதலில் போகும். அவர்களையும் கர்த்தர் பயன்படுத்துகிறார். ஆனாலும் நான் பார்ப்பது வேறு. வராத சிநேகிதனுக்கு யார் போன் பண்ணுகிறார்கள்? மாணவன் லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறானா, சொந்தமாக எழுதுகிறானா? அரியர் வைத்தவன் அதை வீட்டில் மறைக்கிறானா? ஊழியத்தில் இருக்கிறேன் என்று வகுப்புக்குப் போகாத மாணவனுக்குப் பொறுப்பே கொடுக்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அம்மா மாந்தோப்பில் கூலிக்குப் போய்ப் படிக்கவைக்கிறாள். அந்தப் படிப்பைக் கெடுத்து வளர்க்கிற ஊழியம் கர்த்தருடைய ஊழியம் ஆகாது. தேர்வு மாதத்தில் கூட்டங்களை நிறுத்துங்கள். சேர்ந்து படியுங்கள், பலவீனமான பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அடுத்த தலைவர் தயாராக இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் தேடத் தொடங்கினால் காலம் போதாது, மூன்றே ஆண்டுதான் நமக்கு.

இனி சொல்லப்போவது பாரமான காரியம். உண்மையைச் சொல்லும் கடமை.

நம்மோடு வந்து வேதம் வாசிக்கிற பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவக் குடும்பத்தார் அல்ல. அவர்களில் ஒருவர் ஞானஸ்நானம் பெற விரும்பினால், அதன் விளைவுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியார் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதியாருக்கான 18 சதவீத ஒதுக்கீட்டில் இருந்தவர் வேறு போட்டிக்குப் போகிறார் என்று பொருள். 2024 நவம்பரில்கூட உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை ஏற்கவில்லை. பழங்குடியினர் நிலை வேறு, மதம் மாறுவதால் அந்தத் தகுதி போவதில்லை. கல்வி உதவித்தொகையில் மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் சில உதவிகளைத் தருகிறது. எது உண்டு, எது இல்லை என்பதை ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரே விசாரித்துச் சொல்லுங்கள்.

இந்த ஆணை அநியாயமானது என்று நான் நம்புகிறேன். ஞானஸ்நானம் எடுத்ததும் ஊரில் சாதி மறைந்துவிடுவதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதை எதிர்த்து வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் ஆணை இருக்கிறவரை அதை மறைத்து ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்குகிறவர் அந்தப் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறார். சான்றிதழில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்று இருக்கச் சொல்லிக்கொடுப்பதும் தவறு. விசுவாசத்தின் முதல் பாடமே பொய்யாகிவிடும். எல்லாம் தெரிந்து, யோசித்து, வீட்டில் பேசி, அதற்குப் பிறகும் ஒருவர் வருகிறேன் என்றால் சந்தோஷமாக வரவேற்போம். அவசரம் நமக்கு இல்லை.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு நம் விசுவாசத்தைக் கைக்கொள்ளவும் அறிவிக்கவும் உரிமை தருகிறது. அடுத்தவருடைய மனச்சாட்சிக்கும் அதே உரிமையைத் தருகிறது. பணமோ, வேலையோ, கல்விக் கட்டணமோ காட்டி யாரையும் இழுக்காதீர்கள். ஏழை மாணவருக்கு உதவுங்கள், ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதே உதவி போய்ச்சேர வேண்டும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் மாநிலம் வேறு, சட்டமும் வேறு. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் நீங்கியது. கர்நாடகத்தில் 2022இல் ஒரு சட்டம் வந்தது. அதை நீக்க அந்த மாநில அமைச்சரவை 2023இல் முடிவெடுத்தது. பெங்களூரில் படிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு அங்குள்ள நிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

முதலாம் ஆண்டில் சேரும்போது பலருக்குப் பதினெட்டு நிரம்பியிருக்காது. முகாமுக்கு அழைத்துப் போவதென்றால் பெற்றோரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதாது. இந்து வீடாக இருந்தாலும் போங்கள், திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, நாங்கள் யார், பிள்ளை எங்கே இருக்கும், யார் கூட இருப்பார்கள் என்று சொல்லுங்கள். அனுப்ப மாட்டோம் என்றால் அதை மதியுங்கள். மாணவிகளுக்கு ஆலோசனை சொல்ல அக்காமார் இருக்கட்டும். எந்த அண்ணனும் எந்த மாணவியோடும் மூடிய அறையில் தனியாகப் பேசக் கூடாது, இரவில் தனியாக மெசேஜ் அனுப்பவும் கூடாது. இது சந்தேகத்தால் வைக்கிற விதி என்று யாராவது வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும், விதியைத் தளர்த்தாதீர்கள்.

அதேபோல், தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஒவ்வொரு மாணவத் தலைவரும் போனில் பதிந்து வையுங்கள். விசுவாசம் குறைவு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் வாசிப்பது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிற பிள்ளைகளிடம் காணிக்கைக்காக அழுத்தம் கொடுக்காதீர்கள்; அது அவர்கள் படிப்புக்காக வருகிற பணம்.

போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் ஐக்கியம் உங்கள் சபைக்குப் போட்டி இல்லை, உங்கள் சபைக்கு ஆள் சேர்க்கும் இடமும் இல்லை. லுத்தரன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே, சி.எஸ்.ஐ. பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அவரவர் சபைக்குப் போகட்டும். ஓர் உதாரணம் பாருங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஊரில் சார்லஸ் சிமியோன் என்ற போதகர் 1782 முதல் 1836இல் இறக்கும்வரை ஒரே ஆலயத்தில் ஊழியம் செய்தார். தொடக்கத்தில் சபையாரே தங்கள் இருக்கைகளைப் பூட்டிவைத்து அவரை எதிர்த்தார்கள். அவர் தம் அறையில் மாணவர்களை வரவேற்று, தேநீர் கொடுத்து, கேள்வி கேட்கவைத்தார். அங்கே உருவான ஹென்றி மார்ட்டின் 1806இல் இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்தார். ஐம்பத்துநான்கு ஆண்டு ஓரிடத்தில் நிலைத்து நின்ற ஒரு மனிதர், தேநீர், கேள்விகள். நம்மில் யாரும் செய்ய முடியாத அற்புதம் எதுவும் அதில் இல்லை.

கடைசியாக, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு கவலை. நம் பிள்ளைகள் கல்லூரி முடித்ததும் எங்கே போகிறார்கள்? போச்சம்பள்ளி சிப்காட், ஓசூர் சிப்காட், இல்லையென்றால் பெங்களூர். கல்லூரியில் வேதபாடம் நடத்தியவன் ஆறே மாதத்தில் இரவு ஷிப்டில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறான். மாணவிகள் கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறையில் பல ஊர்ப் பெண்களோடு இருக்கிறார்கள். வெளியே போய்வர நேரக் கட்டுப்பாடு. மூன்று ஆண்டு பாடுபட்டு வளர்த்த விசுவாசம் அந்த முதல் ஆண்டில் வாடிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களை ஏற்றுக்கொள்ள அந்த ஊரில் ஒரு வீடு இல்லை, அவ்வளவுதான்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பட்டதாரிகளில் பலர் ஓசூரில் குடியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வாரத்தில் ஒரு மாலை, எந்த ஷிப்ட்காரரும் வரக்கூடிய ஒரு நேரத்தைக் குறித்து, சாப்பாடு போட்டு, ஒரு அதிகாரம் சேர்ந்து வாசியுங்கள். மாணவத் தலைவர்களே, இந்த ஆண்டு படிப்பை முடிக்கிறவர்கள் யார், எங்கே வேலைக்குப் போகிறார்கள், எந்த ஹாஸ்டல் அல்லது ரூம் என்று அவரவர் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எழுதி, ஏப்ரல் மாதத்துக்குள் அந்தக் குடும்பங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்து கலைவதற்கு முன்னால், வீட்டைத் திறக்க மனமுள்ள ஓசூர்க்காரர்கள் தயவுசெய்து உங்கள் பெயரை இந்த மேஜையில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.